பெட்டி எழுப்பு படலம்

பாயிரம்

பந்தல் போடுவது, பந்தி பரிமாறுவது, வாணம் விடுவது என்று திருவிழாவின் எந்த அங்கத்தைத் தொட்டாலும் ஊரில் பத்துப் பேர் கருத்துச் சொல்ல வருவார்கள். மைக் செட்டுக்காரர் வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பேஸ் பாக்ஸை மறுபடி பாட வைப்பது எப்படி என்ற கேள்விக்கு மட்டும் ஒரு நூற்பாகூட இருப்பதாகத் தெரியவில்லை. உரையாசிரியர்களின் காலத்தில் பேஸ் பாக்ஸ் இல்லை என்பது ஒரு சமாதானம். பேஸ் பாக்ஸின் காலத்தில் உரையாசிரியர்கள் இல்லை என்பதை என்னவென்று சொல்ல? அக்குறையைத் தன்னால் இயன்ற அளவு போக்க முன்வருகிறது இந்தக் கட்டுரை.

முதலில் வரையறை. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்த, 15 அல்லது 18 அங்குல ஸ்பீக்கர் பூட்டிய, இரண்டு ஆள் இல்லாமல் தூக்க முடியாத, ஏறக்குறைய 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அடித்தள ஒலிக்குப் பொறுப்பேற்ற பெட்டியே இங்கு ‘பெட்டி’ எனப்படும். ஓர் ஆடி மாதம் முழுதும் ஒரு கூழ் ஊற்றலுக்குக்கூடப் போகாமல் கிடந்தால் அது குறுங்கிடை. இரண்டு ஆடிகள் கடந்தால் நெடுங்கிடை.

நெடுங்கிடைக்கு இதுவரை கிட்டிய சான்றுகளில் மிகப் பெரியதை எந்தப் பல்கலைக்கழகமும் திட்டமிடவில்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. அந்த ஆண்டு மதுரையில் அழகர் வைகை ஆற்றில் இறங்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் நடத்த, ஊர் அதைத் திரையில் பார்த்தது. 2021-லும் விழா கோயில் வளாகங்களுக்குள்ளேயே முடிந்தது. 2022 ஏப்ரலில்தான் கூட்டம் வைகைக்குத் திரும்பியது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் தமிழ்நாடெங்கும் பேஸ் பாக்ஸ்கள் குடோன்களிலும் ரேழிகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் அடுக்கிக் கிடந்தன. பிறகு எல்லா ஊர்த் திருவிழாவும் ஒன்றாகத் தொடங்க, எல்லாப் பெட்டிகளும் ஒரே மாதத்தில் எழுப்பப்பட்டன.

இக்கட்டுரையின் துணிபு அங்கிருந்து பிறக்கிறது: கிடந்து செத்த பெட்டிகள் கொஞ்சம், எழுப்பிய அன்று மாலையே செத்தவை மிச்சம். இதற்குக் காவிய ஆதாரமும் இருக்கிறது. கும்பகர்ணனை அரும்பாடுபட்டு எழுப்பினார்கள், வயிறு நிறையச் சாப்பாடு போட்டார்கள், அப்படியே போர்க்களத்துக்கு அனுப்பினார்கள். முடிவு எல்லோரும் அறிந்தது.

உயிரியல்

கிடந்த பெட்டி காலிப் பெட்டி ஆகாது. அதனுள் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே முதல் வேலை. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து வைத்திருக்கிறார். பேஸ் பாக்ஸைத் திறப்பவருக்கு அதைவிட வசதியான வகைப்பாடு வேறு கிடையாது.

ஓரறிவு என்று அவர் சொன்னது புல்லையும் மரத்தையும். பெட்டியில் அந்த இடத்தைப் பிடிப்பது பூஞ்சை. காகிதக் கோனின் மேல் சாம்பல் வட்டங்களாகப் படர்ந்திருக்கும். பார்த்ததும் ஈரத் துணியை எடுத்துத் துடைக்கத் தோன்றும். துடைத்தால் காகிதம் ஊறிக் கோன் நெளியும். உலர்ந்த பெயின்ட் பிரஷ் போதும், அதுவும் வெயில் அடிக்கும் நாளில். ஈரறிவுக்குரிய நத்தை மழைக்காலத்தில் வந்துபோகும் விருந்தாளி. பளபளக்கும் கோடு ஒன்றைத் தவிரக் கெடுதல் செய்வதில்லை.

மூவறிவுக்கு வந்தால் சங்கதி தீவிரமாகிறது. சிதல் என்று தொல்காப்பியம் குறிக்கும் கறையானுக்கு, மண்தரையில் சுவரோடு ஒட்டி வைத்த பிளைவுட் பெட்டி வீட்டு வாசலில் இறக்கிய சீர்வரிசை. வெளியே கறுப்புப் பெயின்ட் அப்படியே இருக்கும், தட்டினால்தான் தெரியும். நல்ல பலகை ‘டொக்’ என்னும், உண்ட பலகை ‘பொத்’ என்னும். அடிப்பலகை ‘பொத்’ என்றால் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு பெட்டியை விறகுக்கு விடுவதே புத்திசாலித்தனம். கறையான் காகிதத்தையும் விரும்பும் என்பதால் கோனின் பின்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

நான்கறிவில் தும்பி இருக்கிறது. அந்த இனத்தில் குளவியைச் சேர்ப்பது இக்கட்டுரையாளரின் துணிச்சல். குளவி மண் குழைத்துக் கூடு கட்டும் இடம் பெரும்பாலும் பெட்டியின் காற்றுத் துளையான போர்ட் குழாயின் உள்வாய். கூட்டை உள்ளே தள்ளிவிட்டால் பெட்டி ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு சலங்கைச் சத்தம் சேர்த்துக் கொடுக்கும். சிலர் அதை ஸ்பீக்கரின் கோளாறு என்று நினைத்துப் புதுக் கோன் போட்டதும் உண்டு.

ஐந்தறிவு: எலி. இங்கே சற்று நின்று பேசவேண்டியிருக்கிறது.

எலி பேஸ் பாக்ஸுக்குள் நுழைவதற்கு மூல காரணம் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஆல்பர்ட் தூரஸ். கோனின் பின்பக்கம் வீணாகும் ஒலியை ஒரு துளை வழியே, சரியான நேரத்தில் வெளியே விட்டால் அடித்தள ஒலி பெருகும் என்று கண்டு 1932-ல் காப்புரிமை பெற்றார். ‘பேஸ் ரிஃப்ளெக்ஸ்’ என்று உலகம் அதை அழைத்தது. நியாயமாகச் சொன்னால் அது காற்றுக்கு வைத்த வாசல். ஆனால் நான்கு அங்குலக் குழாய், உள்ளே இருட்டு, பக்கவாட்டில் பஞ்சு, கடித்துப் பார்க்க ஒயர் என்று எலிக்கு வேண்டிய அத்தனையும் அந்த ஒரே கண்டுபிடிப்பில் அமைந்துவிட்டன. எட்கர் வில்ச்சர் 1954-ல் துளையே இல்லாமல் முழுதும் மூடிய பெட்டியைக் கொண்டு வந்தார். அவர் மனதில் இருந்தது காற்றை ஸ்பிரிங்காகப் பயன்படுத்தும் எண்ணம். ராக் இசைக்குழுக்களில் புகழ்பெற்ற, பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு பூட்டிய, 1969-ஆம் ஆண்டு ஆம்பெக் எஸ்விடி பெட்டியும் மூடிய வகைதான். நெடுங்கிடையில் இவை தூரஸின் பெட்டியைவிடச் சுத்தமாகத் தங்குவதை ஒலியியல் நூல்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் நம் ஊர் செட்டுகளில் துளைப்பெட்டியே ஆட்சி செய்கிறது, காரணம் அதன் சத்தம்.

எலிக் கூட்டைத் துடைப்பத்தால் பரபரவென்று கூட்டக் கூடாது. எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்தால் மூக்குக்கும் ஆகாது. கையுறை, முகக்கவசம், முதலில் பிளீச்சிங் கரைசல் தெளித்து நனைத்தல், பிறகு அள்ளுதல் என்ற வரிசை ஊரடங்கைக் கடந்த தலைமுறைக்குப் புதிதாக இராது. கடிபட்ட ஒயரை டேப் சுற்றி ஒப்பேற்றாமல் மாற்றிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஆறறிவு. பெட்டியின் தலையில் கல்யாண அண்டாவை ஏற்றியவர், வெங்காய மூட்டையை அடுக்கியவர், குப்புறப் போட்டுக் கட்டிலாக்கிக்கொண்டவர், எல்லோரும் இவ்வினத்தார். எலி ஒயரைக் கடிக்கும். ஆறறிவோ “ஒரு ராத்திரிக்கு மட்டும்ண்ணே” என்று சொல்லி ஸ்பீக்கரையே கழற்றிக்கொண்டு போய்விடும். எழுப்பும் நாளில் கிரில்லைக் கழற்றினால் வட்டமான இருட்டு ஒன்று மட்டும் தெரிவதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

உடலியல்

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைசும் எட்வர்ட் கெல்லாகும் 1925-ல் வெளியிட்ட ஸ்பீக்கர் அமைப்பே, சாரத்தில் இன்றும் குடோனில் கிடக்கிறது. ஒரு காந்தம், அதன் குறுகிய இடைவெளியில் ஆடும் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய கோன். செட்டுக்காரர்கள் இவற்றை மேக்னட், காயில், கோன் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள். காயிலை நடுவில் பிடித்து நிறுத்தும் மடிப்புத் துணிக்கு ஸ்பைடர் என்று பெயர். கோனின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் சரவுண்ட்.

முதலில் சாவது சரவுண்ட்தான், அதுவும் ஃபோமாக இருந்தால். பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்தாலேயே மெல்லச் சிதையும். பத்திருபது ஆண்டுகளில் விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு உதிரும். இதற்கும் பெட்டி பாடியதா கிடந்ததா என்பதற்கும் பெரிய தொடர்பில்லை. வீட்டு ஹைஃபை பெட்டிகளில் ஃபோம் அதிகம். மேடைக்கென்று செய்த ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் பசை தோய்த்த மடிப்புத் துணி இருக்கும், அது பல பத்தாண்டுகள் தாங்கும். ஆகவே இரட்டைப் பூட்டுப் போட்டுப் பாதுகாத்த வரவேற்பறைப் பெட்டி உதிர்ந்துபோக, மாட்டுக் கொட்டகையில் கிடந்த மேடைப் பெட்டி பிழைத்துக்கொள்ளும் வினோதம் நடக்கிறது. துணி சரவுண்ட் நெடுங்கிடையில் விறைத்திருக்கும், அவ்வளவே.

அடுத்தது தொய்வு. 18 அங்குல ஸ்பீக்கரில் கோனும் காயிலும் சேர்ந்து 150 முதல் 250 கிராம் வரை எடையிருக்கும். பெட்டியை மல்லாத்தியோ குப்புறவோ ஆண்டுக்கணக்கில் போட்டால் அந்த எடை ஸ்பைடரை ஒரே பக்கமாக இழுத்து, காயில் தன் இடத்தைவிட்டு நகரும். நிமிர்ந்து நின்ற பெட்டியிலும் எடை கீழ்நோக்கிச் சாய்க்கும். நிமிர்ந்திருந்ததைக் கழற்றி அரைவட்டம் திருப்பிப் பூட்டுவது பழைய மெக்கானிக்குகளின் வைத்தியம். அதே புவியீர்ப்பு மறுபக்கம் இழுத்துச் சரிசெய்யட்டும் என்பது கணக்கு.

இனி விரல் சோதனை. பத்து விரலையும் கோனின் மேல் எதிரெதிராகப் பரப்பி, எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில், சில மில்லிமீட்டர் மட்டும் உள்ளே தள்ளி விடுவித்து, காதைக் கிட்டே வைத்துக் கேட்க வேண்டும். நல்ல ஸ்பீக்கர் சத்தமே போடாது. ‘சர்க்... சர்க்...’ என்று மணல் அரைபடும் ஒலி வந்தால் காயில் எங்கோ உரசுகிறது. இடைவெளியில் துருத்துகள் விழுந்திருக்கலாம், தூக்கிப் போட்டதில் மேக்னட் பசைவிட்டு நகர்ந்திருக்கலாம். ஒரு பக்கமாக அழுத்திவிட்டு “உரசுது” என்று தீர்ப்புச் சொல்வது செல்லாது. அப்படி அழுத்தினால் புது ஸ்பீக்கரும் உரசும்.

பிறகு மல்டிமீட்டர். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் ஏறக்குறைய ஐந்தரை முதல் ஆறரை வரை காட்டும். இதைப் பார்த்து “ரெண்டு ஓம் தேஞ்சுபோச்சு” என்று வருந்துவோர் உண்டு. தேயவில்லை. மீட்டர் அளப்பது கம்பியின் நேர்மின் தடையை. எழுதியிருப்பது பாட்டு ஓடும்போது உள்ள பெயரளவு மின்மறுப்பு. எதுவுமே காட்டாவிட்டால் முதலில் டெர்மினலில் வந்து சேரும் ஒயர் அறுந்ததா என்று பார்த்து, அதுவும் இல்லையென்றால் காயில் அறுந்தது என்று முடிவுகட்டலாம்.

மேக்னட்டைப் பற்றி ஒரு தடைவிடை.

தடை: இத்தனை வருடம் கிடந்ததில் மேக்னட் வீக்காகிவிடாதா?

விடை: ஆகாது. மேடைப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஃபெரைட் காந்தம். சில பத்தாண்டுக் கிடை அதை ஒன்றும் செய்வதில்லை. சத்தம் குறைவாக இருப்பதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அது கீழே வரும்.

தடை: இத்தனை சோதனை எதற்கு? ஆம்ப்பைப் போட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா?

விடை: தெரிந்துவிடும். அதன்பின் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமிராது.

ஒலியியல்

நேர்ந்த மரணங்களில் பெரும்பகுதிக்கு இந்த இயலே சாட்சி. ‘குட்டி யானை’ சரக்கு வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருக்கிறது, மாலை ஆறு மணிக்கு மஞ்சள் நீராட்டு விழா, வால்யூம் முழுக்க. ஸ்பீக்கர் வாங்கும் மின்சாரத்தில் சில விழுக்காடுதான் சத்தமாக மாறும். மிச்சம் அத்தனையும் காயிலில் வெப்பம். ஈரமும் துருவும் பிடித்து, விறைத்த துணியில் தொங்கும் காயிலிடம் அன்று அதிகம் கேட்கக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் வீட்டில் டிவி கேட்கும் சத்தத்தில் ஓடட்டும். சரவுண்டும் ஸ்பைடரும் இளகும், டெர்மினலின் பச்சைக் களிம்பு தெரியவரும். ஒயர் மாட்டும் ஸ்பீக்கான் பின்னைச் சில தடவை போட்டு எடுத்தால் தொடுமுனை சுத்தமாகும்.

அடுத்து, தாழ்ந்த சத்தத்திலேயே 200 ஹெர்ட்ஸிலிருந்து 30 வரை ஒரு சீரான ஒலியை மெல்ல இறக்க வேண்டும், போன் செயலிகளிலேயே அது கிடைக்கிறது. வழியில் எங்கோ ‘டர்ர்ர்’ என்று ஒன்று பிடிக்கும். கைப்பிடித் திருகா, கிரில்லா, குளவி மண்ணா என்று விரலால் அழுத்தி அழுத்தித் தேட வேண்டும். பெட்டியில் எதுவும் அகப்படாவிட்டால் பரணில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களையும் பீரோக் கதவையும் விசாரிக்கலாம், குற்றவாளி அங்கே இருப்பது அபூர்வமல்ல. துளைப்பெட்டியில் இந்த இறக்கத்தை வால்யூம் ஏற்றிச் செய்யவே கூடாது. துளையும் பெட்டியும் எந்த அலைவெண்ணுக்குச் சுருதி சேர்த்தவையோ அதற்குக் கீழே போனால் உள்காற்றின் பிடி போய்விடும், கோன் கட்டவிழ்ந்து ஆடும். இந்தக் கணக்கைச் செப்பமாக வகுத்துக் கொடுத்தவர் ஆஸ்திரேலியர் நெவில் தீல், 1961-ல். அதற்கு மேல் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் கட்டினார். இன்று எந்த ஸ்பீக்கரின் விவரத்தாளிலும் இருக்கும் எண்களை அவ்விருவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி. பெட்டி முனகிக்கொண்டிருக்கும்போது பத்தியை மூட்டு மூட்டாகக் கொண்டு போனால், கசியும் இடத்தில் நேரே எழும் புகை தாளத்துக்குத் துடிக்கும். அவ்விடத்தில் சிலிகோன் பசை. போகிறவர் வருகிறவர் இதைப் பூஜை என்று எடுத்துக்கொண்டால் மறுக்க வேண்டிய அவசியமில்லை.

இப்போது அந்தச் சத்தக் குறைவு. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுகிறார்கள். இரண்டு கோனும் நன்றாக ஆடுகின்றன. ஆனால் நெஞ்சில் இடிக்க வேண்டியது இடிக்கவில்லை.

“அண்ணே, மேக்னட் வீக்காயிருச்சுண்ணே.”

“டேய், ஒரு பாக்ஸ்ல மட்டும் ஒயரை மாத்திக் குடுத்துப் பாருடா.”

மாற்றியதும் கூரை அதிர்கிறது. நடந்தது இதுதான்: இடையில் யாரோ ஒரு ஸ்பீக்கரின் ஒயரைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். ஒரு கோன் முன்னே வரும்போது இன்னொன்று பின்னே போகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அருகருகே நிற்கும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உள்ள ஒன்றிரண்டு அடி அதன் முன்னால் பொருட்டே அல்ல. ஒன்று தள்ளிய காற்றை மற்றது அப்படியே விழுங்கிவிடுகிறது. ஆயிரம் வாட்ஸ் ஆம்ப்பை வைத்துக்கொண்டு மௌனம் தயாரிக்க இதைவிடச் செலவேறிய வழி கிடையாது. தடுக்க ஒரு டார்ச் பேட்டரி போதும். 1.5 வோல்ட்டைப் பிளஸ்ஸுக்குப் பிளஸ் தொட்டால் ‘டப்’ என்று கோன் முன்னே வர வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர் கையில் இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. அந்நிறுவனம் நெடுங்காலம் உலக வழக்குக்கு எதிராக, சிவப்பில் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும்படி செய்துவந்தது.

இறுதியாக, சோதனைக்கு எதைப் போடுவது? “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ” என்பது தமிழகமெங்கும் ஏற்கப்பட்ட மந்திரம். ஆயினும் பேசும் ஆண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை. பேஸ் பாக்ஸோ நூறையொட்டிக் கைமாற்றிவிடும் ஆள். ஆக அந்த மந்திரம் நிரூபிப்பது மேலே இருக்கும் டாப் பாக்ஸ் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே. நாலு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். பேஸ் கிட்டார் தனியே ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் 1980-களின் இளையராஜா பாடல் ஒன்றைப் போட்டு, அந்தக் கதையின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா, ஒரே முழக்கமாகக் குழைகிறதா என்று பார்ப்பதே தகுந்த சோதனை. குழைந்தால் மறுபடி ஊதுபத்தி.

ஒழிபியல்

மேலே எங்கும் அடங்காதவை இங்கே.

எரிந்த காயிலை மாற்றி, புதுக் கோன் ஒட்டித் தருவோர் இன்னும் இருக்கிறார்கள். சென்னையில் ரிச்சி தெருவில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பாஸ்கெட் என்னும் சட்டமும் மேக்னட்டும் நன்றாக இருக்கும் ஸ்பீக்கரைப் பழைய இரும்புக்குப் போடுவது பாவம்.

8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4, நான்கைச் சேர்த்தால் 2. எழுப்பிய உற்சாகத்தில் எல்லாப் பெட்டியையும் ஒரே ஆம்ப்பில் தொடுக்குமுன் அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துவிடலாம்.

எழுந்த பெட்டிக்குச் சட்டமும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு சில விழா நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். எதிரெதிரே நின்று இருவர் சாதாரணமாகப் பேசுவதே 60-ஐ ஒட்டி வரும் என்பதால், 18 அங்குலப் பெட்டி இவ்விதியோடு எப்படி ஒத்துவாழ்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

மறுபடி கிடத்துவதானால், தரையில் பலகைக்கட்டை வைத்து, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி, நிமிர்த்தி வைப்பது நலம். பாலித்தீன் சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும், பழைய வேட்டி போதும். போர்ட் வாயில் ஒரு சாக்கைத் திணித்தால் எலி வராது. பாட்டுப் போடும்போது அந்தச் சாக்கை எடுக்க மறந்தால் பேஸும் வராது. மாதத்துக்கு ஒருமுறையாவது வீட்டிலேயே அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். எந்தப் பாட்டைப் போடுவது என்பதில் செட்டுக்காரருக்கும் அவர் வீட்டாருக்கும் எழும் கருத்து வேறுபாடு இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.